மாமாவின் வாட்சுக்கு நீர் கோத்த கதை

என் தாய்மாமா எங்கள் ஊரான அகரத்துக் கிணறுகளில் நீந்திப் பழகியவர். ஊரில் கிணற்றில் குதித்ததற்கு உதை வாங்கியவர், துபாய் துறைமுகத்தில் தண்ணீருக்குள் மூழ்கிக் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டுவதற்குச் சம்பளம் வாங்கினார். எனக்கு அப்போது எட்டு வயது. உலகத்தில் மாமாவுக்கு மிஞ்சிய ஆள் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அந்த எண்ணத்தில் பெரிய மாற்றமில்லை.

லீவில் வரும்போது அவர் கையில், கடலுக்குள் மூழ்கி வேலை செய்யும் முழுக்காளிகள் கட்டும் கனத்த வாட்ச் ஒன்று இருக்கும். இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று அதன் முகத்திலேயே எழுதியிருந்தது. எங்கள் மல்லிகைத் தோட்டத்துக் கிணற்றில் ஆறு ஆள் ஆழம் தண்ணீர் இருந்தாலே அதிகம். ஆனாலும் தினமும் அதைச் சோதித்துப் பார்க்காமல் நாங்கள் விடமாட்டோம். மாமா தண்ணீர் புகாதபடி வாட்சின் பக்கத்துத் திருகு இறுகியிருக்கிறதா என்று விரலால் ஒருமுறை திருகிப் பார்ப்பார், குதிப்பார், அடிமண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே வருவார். மண்ணைக் கொண்டுவந்தால்தான் அடியைத் தொட்டதாக எங்கள் பக்கம் ஒப்புக்கொள்வார்கள். வாட்ச் உள்ளே பொட்டு ஈரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஓடும்தான், ஆனால் துபாய் நேரத்தில். நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால்.

"ஏங்க, ஊருக்கு வந்த பிறகாச்சும் நம்ம நேரத்துக்கு மாத்தி வைங்களேன்" என்று அத்தை கேட்டார்.

"அதுக்குத் திருகக் கழத்தி இழுக்கணும், மறுபடி இறுக்கணும். ஒரு மாசத்துக்கு எதுக்கு அம்புட்டு வேல? போறவன்தான நான்?"

அத்தையின் முகம் சுண்டிப்போனது. சோற்றுக்கு வெஞ்சனத்தைப் பரிமாறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாமாவின் மகளுக்கு மூன்று வயது. நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அப்பாவை மாமா என்றே கூப்பிட்டாள். வீடே சிரித்தது, மாமாவும் சிரித்தார். அவர் கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, பூப் பறிக்கும் இடத்தில் அவள் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். ஓடிப்போய்த் தூக்கிய மாமாவை உதறிவிட்டு, "இந்த மாமா வேணாம்" என்று என் அப்பாவிடம் தாவினாள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மாமா திருகைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் குதித்தார், மண்ணோடு வந்தார். படியில் வெயிலில் உட்கார்ந்தவரின் கையைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் பனி மூடியிருந்தது.

"மாமா, உள்ள தண்ணி போயிருச்சு!"

மாமா திருகைத் தொட்டுப் பார்த்தார். "அட, இறுக்க மறந்துட்டேன் மருமகளே" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

"கடலுக்குள்ள பொழைக்கிற ஆளு கிணத்துல கோட்ட விட்டியே மாப்ள" என்றார் அப்பா. "நாகல் நகர்ல தெரிஞ்ச வாட்ச் கடை இருக்கு. நாளைக்குக் கெளம்பணும்ல, இன்னைக்கே குடுப்பமா?"

"மெதுவா குடுப்போம் மச்சான். இப்ப என்ன அவசரம்?"

அத்தை வாட்சை வாங்கி முந்தானையால் துடைத்தார். பனிக்குள் தெரிந்த முள்ளை உற்றுப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

தண்ணீர் புகுந்தால் வாட்ச் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடிவிடும் என்று கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்திலும் அதை அடித்துச் சொன்னேன். கப்பலுக்கடியில் ஒருநாளும் திருகை மறக்காத மனிதர், முந்தின ராத்திரி அதைக் கழற்றி முள்ளை நம் ஊருக்குத் திருப்பியிருக்கிறார் என்பதோ, அப்போது அவர் மனம் இருந்த இருப்பில் இறுக்கத் தோன்றவில்லை என்பதோ எனக்கு எங்கே தெரியும்? விலை உயர்ந்த வாட்ச் வீணாய்ப் போனதற்குத்தான் அத்தை அழுகிறார் என்று நினைத்தேன்.

பக்கத்தில் போய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "அழாதீங்க அத்தை. மாமா துபாய் போயி, அடுத்த லீவுக்கு வரையில இதவிட நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வருவாரு."

எப்பேர்ப்பட்ட ஆறுதலைச் சொல்லிவிட்டோம் என்று அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.