கதவக்காவின் முதுகு

பின்னால் ஒரு ஆள் வந்து நிற்பது தெரிந்தும் திரும்பிப் பார்க்காமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? கதவக்காவால் முடியும். பத்தொன்பது வருஷமாக அவள் பிழைப்பே அதுதான்.

அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்கள் தங்கும் இல்லம் அது. தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு மாடி வீடு. அதன் வாசலில் இருந்துகொண்டு யாரை உள்ளே விடுவது, யாரை விடக்கூடாது என்று பார்த்துக்கொள்பவள் என்பதால் அவள் கதவக்கா. சம்பளப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் அவளுக்கே தோன்றும்.

அங்கே வருகிறவர்கள் நேராக வந்து மணி அடிப்பார்கள் என்று நினைப்பவர்கள் அடி வாங்கியே பழகாதவர்கள். வருகிறவள் முதல் நாள் எதிர்ப்பக்கமாக நடந்து போவாள். இரண்டு நாள் கழித்து இந்தப் பக்கமாக. கையில் ஒரு சாக்கு இருக்கும்: இஸ்திரி போட்ட துணி, காலி எண்ணெய்ப் புட்டி, எங்கோ கொடுக்க வேண்டிய ஒரு பாத்திரம். யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டுமே. நாலாவது, ஐந்தாவது தடவை வாசலுக்கு நேரே வரும்போது நடை தளரும். அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால் போச்சு. கூப்பிட்டாலும் போச்சு. வேலைக்கு வந்த புதிதில் ஒருத்தியை ஆசையாக “வாம்மா” என்று கூப்பிட்டுவிட்டு, அவள் ஓடிய ஓட்டத்தைக் கதவக்கா இன்னும் மறக்கவில்லை. அவள் திரும்பி வரவே இல்லை.

அதனால் கதவக்கா கதவை அகலத் திறந்து வைப்பாள். ஒரு வாளித் தண்ணீரோடு நிலைப்படிக்கு உட்பக்கம் குந்தி, தெருவுக்கு முதுகைக் காட்டித் தரையைக் கழுவுவாள். பக்கத்தில் நிழல் விழுந்தால் தலையைத் திருப்பாமல், “தரை ஈரம், பாத்து வாம்மா” என்பாள். நிழல் உள்ளே போய்விடும். சண்டையில் முதுகைக் காட்டினால் கேவலம் என்பார்கள். இவள் முதுகைக் காட்டியே இருநூறு பேரைக் கரையேற்றியிருக்கிறாள்.

இது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. புருஷன் பேருந்து ஓட்டுநர். பயணிகளிடம் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான், மிச்சத்தையெல்லாம் வீட்டில் வந்து தீர்த்துக்கொள்வான். முப்பத்திரண்டு வயதில், காலி இருமல் மருந்துப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, மருந்துக் கடைக்குப் போவதுபோல் ஐந்து நாள் இந்தத் தெருவில் நடந்தாள். ஐந்தாம் நாள் கதவு திறந்திருந்தது. அப்போதைய சமையல்காரி முதுகைத் திருப்பிக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். “தரை ஈரம், பாத்து வாம்மா” என்றாள். தெரிந்து சொன்னாளா, வாய்க்கு வந்ததைச் சொன்னாளா என்று கதவக்கா கேட்டதே இல்லை. மகன் அப்பனோடு நின்றுவிட்டான். இன்று அவனுக்கே இரண்டு பிள்ளைகள். அம்மா செத்துப்போய்விட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறானாம்.

போன வருஷம் ஒரு மத்தியானம், உள்ளே தங்கியிருந்த ஒருத்தியின் புருஷன் இரும்புக் கம்பியோடு வந்தான். தரை கழுவிக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து ஒரே போடு. இடது தோளெலும்பு உடைந்தது. இன்றைக்கும் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது.

தொண்டு நிறுவனங்கள் பாதுகாப்புக்கு நவீனக் கருவிகள் வைத்துக்கொள்ள அரசு மானியம் தருகிறது என்று இல்லத்தின் செயலாளர் அப்போதுதான் தெரிந்துகொண்டு மனுப் போட்டார். மனுவின் முதல் பக்கத்தில், கட்டுப் போட்ட தோளோடு கதவக்காவின் படம். பக்கம் பக்கமாக எழுதிய மற்ற இல்லங்களுக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்தது. “நம்ம இல்லத்துக்கு நிஜமாவே தோள் கொடுத்தது அக்காதான்” என்று செயலாளர் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். கதவக்காவும் சிரித்தாள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நாலு கேமரா வந்தது. தானே பூட்டிக்கொள்ளும் கதவு, ஒரு அபாயச் சங்கு, ஒரு ஒலிபெருக்கி, கதவக்காவின் மேசைக்கு ஒரு திரை. வெறும் கேமரா இல்லை, செயற்கை நுண்ணறிவு. முகத்தை மறக்காது, நடையை அளக்கும், வருகிறவன் என்ன நினைப்போடு வருகிறான் என்றுகூட ஊகித்துச் சொல்லும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். பொருத்த வந்தவன் கதவக்காவின் தோளைப் பார்த்துவிட்டு, “பின்னாடி எவன் வந்தாலும் இது பாத்துக்கும்மா. நீங்க திரும்பக்கூட வேணாம்” என்றான்.

சும்மா சொல்லக்கூடாது, அது வேலையும் செய்தது. இரண்டாம் மாதம் கம்பிக்காரன் மறுபடி வந்தான். காவல் நிலையம் கொடுத்திருந்த படத்தை வைத்துத் தெருமுனையிலேயே அவன் முகத்தைக் கண்டுபிடித்து, கதவைப் பூட்டி, நாலே நிமிஷத்தில் காவல் வண்டியை வரவழைத்தது. உள்ளே இருந்த பெண்கள் கதவக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வினை வேறு பக்கமாக வந்தது. ஒரே முகம் மூன்று தடவை வாசலைக் கடந்து, உள்ளே வராமல் போனால், திரையில் அந்தத் தலையைச் சுற்றி மஞ்சள் கட்டம் விழும். ‘சுற்றித் திரியும் நபர்’ என்று எழுத்து வரும். இரண்டு நிமிஷத்துக்குள் ‘தெரிந்தவர்’, ‘தெரியாதவர்’ என்ற இரண்டில் ஒன்றைக் கதவக்கா அழுத்த வேண்டும். தெரிந்தவர் என்றால் பெயரும் உறவும் எழுத வேண்டும். தெரியாதவர் என்றால் ஒலிபெருக்கி தெருவுக்கே கேட்கும்படி பேசும்: “உங்கள் முகம் பதிவு செய்யப்படுகிறது. பெயரையும் வந்த காரணத்தையும் சொல்லவும்.” தையல்காரர் எந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்.

புருஷனுக்குத் தெரியாமல் வந்தவளை நடுத்தெருவில் நிறுத்தி, வந்த காரணத்தைச் சொல் என்றால் அவள் என்ன சொல்வாள்? மூன்று பெண்கள் அப்படிப் போனார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. காவல் நிலையமும் ஆஸ்பத்திரியும் அனுப்பி வைப்பவர்கள் மட்டும் வந்தார்கள். தானாக நடந்து வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அரையாண்டு அறிக்கையில் ‘அசம்பாவிதம்: எதுவும் இல்லை’ என்று போனது. மானியத் துறையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கதவக்கா அதைப் படிக்காமல் மடித்து மேசைக்குள் போட்டாள்.

அப்போதுதான் குடைக்காரி வந்தாள்.

செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணி. வெயிலும் இல்லாத, மழையும் இல்லாத நாளில் விரித்த கறுப்புக் குடை. முப்பது வயது இருக்கும். ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை உடம்போடு ஒட்டி வைத்தே நடப்பாள். அந்தக் கை ஏன் அப்படி இருக்கிறது என்று கதவக்காவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது தடவை மஞ்சள் கட்டம் விழுந்தது. கதவக்கா யோசிக்கவே இல்லை. ‘தெரிந்தவர்’ என்று அழுத்தினாள். பெயருக்கு வாயில் வந்த ஒன்றைப் போட்டாள். உறவு என்ற இடத்தில் ‘தங்கச்சி’ என்று எழுதினாள். ஐந்து வாரம் அப்படியே ஓடியது. ஒவ்வொரு தடவையும் குடைக்காரி வாசலுக்கு ஓரடி நெருங்கி நடந்தாள்.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? செயலாளர் ஒரு திங்கட்கிழமை பதிவுகளோடு வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?”

“இல்ல மேடம்.”

“வர்ற வாரம் மானியத் துறைல இருந்து சோதனைக்கு வர்றாங்க. பதிவுல பொய் இருந்தா எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அந்தக் கம்பிக்காரன் வந்தா? இந்தத் தடவை தோளோட போகுமா?”

“அந்தப் பொண்ணு உள்ள வரணும் மேடம். இன்னும் ரெண்டே தடவை. வந்துடுவா.”

“வரட்டுமே. யாரு வேணாம்னா? பட்டனை அழுத்திப் பேரைச் சொல்லட்டும்.”

“பேரைச் சொல்ற தைரியம் இருந்தா அவ ஏன் மேடம் நம்மகிட்ட வர்றா?”

செயலாளர் பதிவுகளை அடுக்கி எடுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. மாடியில் பதினாறு பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அவர்தான் பொறுப்பு. “நாளையோட தங்கச்சியை நிறுத்திடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஆக, இருந்தது ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை.

கதவு முப்பது விநாடிக்கு மேல் திறந்திருந்தால் சங்கு ஊதும். நிலையில் இருக்கிற சின்னப் பெட்டிதான் அதற்குக் காது என்று கதவக்காவுக்குத் தெரியும். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அதன்மேல் ஒட்டிப் பார்த்தாள். காலையில் ஒரு நிமிஷம் கதவைத் திறந்து வைத்தும் சத்தம் வரவில்லை. உனக்கு நான் பாட்டி என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

பதினோரு மணிக்குக் கதவை அகலத் திறந்து, மூடிக்கொள்ளாமல் ஒரு செங்கல்லை வைத்தாள். வாளியை எடுத்து வந்தாள். தெருவுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். தோளில் அடிபட்ட பிறகு இப்படி உட்காருவது அன்றைக்குத்தான். முதுகெல்லாம் கூசியது. கம்பி இறங்கப்போகிறது என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. வாசலுக்கு நேரே நின்றது. குடை மடங்கும் சத்தம். திரும்பாதே, திரும்பாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பக்கத்து ஈரத்தில் நிழல் விழுந்தது.

“தரை ஈரம், பாத்து வாம்மா.”

சங்கு ஊதியது.

கதவக்கா எழுந்து திரும்புவதற்குள் வாசல் காலி. குடை மட்டும் படியில் கிடந்தது. முழங்கால் வலியோடு தெருமுனை வரை ஓடினாள். அங்கே இருந்த மூன்று தெருக்களிலும் அவள் இல்லை. திரும்பி வந்தபோது காவல் வண்டி நின்றிருந்தது. செயலாளர் செங்கல்லையும் காந்தத்தையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். காந்தம் நழுவியிருக்கும், அதனால்தான் சங்கு என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். கதவக்காவும் அப்படித்தான் நினைத்தாள். பாழாய்ப்போன காந்தம், கொஞ்சம் அழுத்தி ஒட்டியிருக்கக்கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். குடையை மேசைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, அவள் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமை ஒரு பெண் காவலர் வந்தார். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கல்யாணத்தில் எடுத்த படம். முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

“இவங்க இந்தத் தெருப் பக்கம் அடிக்கடி வருவாங்கன்னு அவங்க பக்கத்து வீட்டுல சொன்னாங்க. இங்க கேமரா உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. கொஞ்சம் பாக்கணும்.”

“அவளுக்கு என்னம்மா ஆச்சு?”

“மாடிப்படில இருந்து விழுந்துட்டாங்கன்னு வீட்டுக்காரர் சொல்றார்.”

“உயிரோட இருக்காளா?”

காவலர் குடையைப் பார்த்தார். “நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்க” என்றார்.

படத்தைக் கருவிக்குக் கொடுத்ததும் ஒரு நொடிதான். பதின்மூன்று தடவை வந்திருக்கிறாள் என்று நாளும் நேரமுமாகத் திரை வரிசைப்படுத்தியது. ஒரு தடவையும் தப்பவில்லை. காவலர் கடைசிப் பதிவைத் தட்டினார்.

கதவக்கா முதன்முதலாகத் தன் முதுகைப் பார்த்தாள். இவ்வளவு கூனிவிட்டோமா என்று இருந்தது. அவளுக்குப் பின்னால் குடைக்காரி வந்தாள். நின்றாள். குடையை மடக்கினாள். ஒரு கால் படியில் ஏறியது. இரண்டாவது காலும் ஏறியது. தரை ஈரம் என்று சொன்னது கேட்டதோ என்னவோ, கீழே பார்த்தாள். வழுக்காமல் பிடித்துக்கொள்ள, உடம்போடு ஒட்டியே வைத்திருந்த அந்தக் கையை நீட்டினாள். கதவக்காவின் தோளைத்தான் பிடிக்க வந்தாள். விரலுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

அந்தக் கையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது. ‘பணியாளரைப் பின்னாலிருந்து தாக்க முயற்சி’ என்று எழுத்து வந்தது. சங்கு ஊதியது.

பதிவில், காந்தம் ஒட்டிய இடத்தில் ஒட்டியபடியே இருந்தது.

“இன்னொரு தடவை போடட்டுமா?” என்று காவலர் கேட்டார். கதவக்கா வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். காவலர் போட்டார். திரும்பியிருந்தால் போதும். ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பியிருந்தால் அந்தக் கையை அவள் பிடித்திருப்பாள். வாழ்நாள் முழுக்கச் சரியாக இருந்த ஒன்று அந்த ஒரு நாள் தப்பாகிப் போயிருந்தது.

பதிவின் அடியில் ஒரு கேள்வி ஒன்பது நாளாகப் பதிலில்லாமல் காத்திருந்தது. ‘இந்த எச்சரிக்கை சரியானதா? ஆம். இல்லை.’ கதவக்கா ‘இல்லை’ என்பதை அழுத்தினாள். நன்றி சொல்லிவிட்டு அந்தக் கேள்வி மறைந்தது.

“உங்களுக்கு இவங்க என்ன வேணும்?” என்று காவலர் எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார்.

“தங்கச்சி” என்றாள் கதவக்கா. அப்புறம்தான் அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

இப்போது தரையைக் கழுவும்போது கதவக்கா தெருவைப் பார்த்துத்தான் உட்காருகிறாள். கதவு பூட்டியிருந்தாலும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தெருவில் யாரும் நடை தளர்வதில்லை.