பிடியரிசிக் கஞ்சி

உலை கொதிக்க ஆரம்பித்ததும் பவுலினின் வலது கை தானாக ஒரு வேலை செய்யும். பையிலிருந்து அரிசிப் படி மேலே வரும். அதைச் சட்டியில் கவிழ்ப்பதற்கு முன் நான்கு விரல்களும் உள்ளே போகும், அள்ளும், மூடும். மூடிய கையைப் படிக்கு மேலேயே சற்று நேரம் பிடித்து வைத்திருப்பாள். சுண்டுவிரல் ஓரமாக ஒழுக வேண்டிய மணிகள் ஒழுகி முடிக்கட்டும் என்று. ஒழுகியது வீட்டுக்கு, கைக்குள் நின்றது ஆண்டவருக்கு. அடுப்புக்குப் பக்கத்தில், மூடி துருவேறிய ஒரு பிஸ்கட் டின். அதற்குள் கையைத் திறக்கும்போது அவள் உதடு அசையும். என்ன சொல்கிறாய் என்று கல்யாணமான புதிதில் கிளாரன்ஸ் கேட்டிருக்கிறார். “அது உங்களுக்கு எதுக்கு?” என்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

லிங்கராஜபுரத்தில் அவர்கள் சபையைச் சேர்ந்த நாற்பது சொச்சம் வீடுகளில் இதே வேலை நடக்கிறது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை டின்கள் எல்லாம் சர்ச்சுக்கு வந்து, பின்பக்கச் சமையலறையில் இருக்கும் இரண்டு நீல டிரம்களில் கவிழும். சோனா மசூரி, பொன்னி, புழுங்கல், ரேஷன் அரிசி, யாரோ ஒருத்தி மாமியாருக்குத் தெரியாமல் போட்ட பாஸ்மதி, எல்லாம் ஒரே டிரம்மில். அந்த அரிசியில் சோறு வடிக்க முடியாது. ஒன்று குழைந்து போகும்போது இன்னொன்று நறுக்கென்று நிற்கும். கஞ்சிக்குத்தான் சரி. அதனால்தான் கஞ்சி. ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலைக்குப் போவதற்கு முன் பவுலினும், பக்கத்துத் தெரு ஜூலியாவும் விடியற்காலையில் காய்ச்சுவார்கள். கிளாரன்ஸ் தன் ஆம்னி வேனில் அண்டாவை ஏற்றி அரசு ஆஸ்பத்திரி கேட்டுக்குக் கொண்டுபோவார். உள்ளே நோயாளியை வைத்துக்கொண்டு வெளியே நடைபாதையில் படுத்துக் கிடப்பவர்களுக்கு ஒரு டம்ளர் கஞ்சி, ஒரு உருண்டை துவையல். ஆறு வருஷமாக ஒருநாளும் தவறியதில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை, பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு குழந்தை கஞ்சி குடித்த கையோடு கேட்டுத் தூணோரமாக வாந்தி எடுத்தது. இரண்டு வயசு இருக்கும். அம்மாக்காரி அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் டம்ளர் தரையில் உருண்டது. டூட்டிக்கு வந்துகொண்டிருந்த இளம் டாக்டர் ஒருவர் நின்று, அண்டாவைப் பார்த்தார், பவுலினைப் பார்த்தார். “யாரு பர்மிஷன் கொடுத்தது உங்களுக்கு?” என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

மறுநாள் கேட் செக்யூரிட்டி பிரகாஷ் வேனுக்கு முன்னால் வந்து நின்றான். தினமும் முதல் டம்ளர் வாங்கிக் குடிப்பவன் அவன்தான்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. இன்னிக்கு இறக்காதீங்க.”

“ஏம்ப்பா, என்ன ஆச்சு?”

“ஆபீஸ்ல ஆர்டர். ஃபுட் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் இருந்தாதான் கேட் பக்கம் விடணுமாம்.”

“நாங்க விக்கறமா பிரகாஷ்? சும்மா கொடுக்கறதுக்கு எதுக்கு நம்பர்?” என்றார் கிளாரன்ஸ்.

“சும்மா கொடுத்தாலும் வேணுமாம் சார். என்னைக் கேட்டா விக்கறவனைவிட சும்மா கொடுக்கறவன்தான் டேஞ்சர். விக்கறவன்கிட்ட சண்டை போடலாம். உங்ககிட்ட எவன் வந்து சண்டை போடுவான்?”

வரிசையில் நின்றவர்கள் டப்பா மூடிகளைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவுலினுக்கு அந்த மூடிகளைப் பார்க்க முடியவில்லை.

“அந்தக் குழந்தை எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“எந்தக் குழந்தை?” என்றான் பிரகாஷ், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. “தினம் எத்தனையோ குழந்தைங்க வருது அக்கா.”

நிறைந்த அண்டா திரும்பி வந்தது. வேன் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் கஞ்சி தளும்பிய சத்தம் பவுலினுக்கு அன்று முழுக்கக் காதில் இருந்தது. ஸ்கேன் சென்டரில் ஒருத்தியின் பெயரை இன்னொருத்தியின் ரிப்போர்ட் கவரில் எழுதிவிட்டுத் திட்டு வாங்கினாள்.

அதன் பிறகு அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பாத்திரம் கழுவியதையே திரும்பக் கழுவினாள். மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடித்துப் போய்க் குழந்தைகள் வார்டு வாசலில் நின்றாள். பாஸ் இருந்தால்தான் உள்ளே. “பச்சை ஸ்வெட்டர்” என்றாள். “பேர் சொல்லும்மா” என்றாள் ஆயா. பேர் தெரியாது. ஊர் தெரியாது. துவையல் காரம் வேண்டாம், வெறும் கஞ்சி போதும் என்று அந்த அம்மாக்காரி சொன்னது மட்டும் தெரியும்.

“காய்ச்சினது நான், கொதிச்சதை நான் பாத்தேன். ஒண்ணும் இருக்காதுக்கா” என்றாள் ஜூலியா. இருக்காது என்று பவுலினுக்கும் தோன்றியது. தோன்றுவது வேறு, தெரிவது வேறு. அந்த இடைவெளியில்தான் அவள் பகலெல்லாம் நடந்துகொண்டிருந்தாள்.

நெட் சென்டரில் நம்பருக்கு விண்ணப்பம் போட்டுப் பத்து நாளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி சர்ச் சமையலறையைப் பார்க்க வந்தார். ஹரிஷ்குமார் என்று பெயர். தோளில் லேப்டாப் பை, கையில் ஹெல்மெட். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அதுவே பவுலினுக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது. தண்ணீர்த் தொட்டி, ஜன்னல் வலை, குப்பைக்கூடை எல்லாம் பார்த்தார். கன்னடமும் தமிழுமாகப் பேசினார்.

“சென்னாகிதே மேடம், சுத்தமா இருக்கு. ரைஸ் எங்க வாங்கறீங்க?”

“வாங்கறதில்லை சார். வீடுகள்லேருந்து வருது.” பிடியரிசியைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. “அவங்கவங்க வீட்டு உலையில போடறதுக்கு முன்னாடி எடுத்து வெக்கற அரிசி சார். ஜெபம் பண்ணி எடுத்து வெக்கறது.”

“சரி மேடம். ஆனா எந்த வீட்டு அரிசி எதுன்னு தெரியுமா?”

“எல்லாம் ஒண்ணாக் கலந்துடும்.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நீல டிரம்முக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். வெளியே எடுத்தபோது கை முடியெல்லாம் வெள்ளையாக இருந்தது.

“இது என்ன?”

“அரிசி மாவு சார். டிரம்ல கிடந்து உரசி உரசி...”

அவர் விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். அவளையும் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். மாவு இப்படி வழுக்காது. முகப் பவுடர் மாதிரி வழுக்கியது.

“போரிக் பவுடர்” என்றார். “வண்டு வராம இருக்க நம்ம வீட்லயும் அம்மா போடுவாங்க. ஆனா சமைக்கும்போது நல்லாத் தேய்ச்சு நாலஞ்சு தண்ணி ஊத்தி அலசுவாங்க. நீங்க எத்தனை தண்ணி?”

ஜூலியா பவுலினைப் பார்த்தாள். வீட்டு அரிசிதானே, சுத்தமாகத்தானே இருக்கும் என்று ஆறு வருஷமாக இரண்டே தண்ணீர். பல நாள் அவசரத்தில் ஒன்று.

“அந்தக் குழந்தைக்கு இதனாலதான் ஆச்சா சார்?” அவர் கேட்காததையெல்லாம் பவுலின் சொல்லிவிட்டாள். புதன்கிழமை, தூண், பச்சை ஸ்வெட்டர்.

அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “அன்னிக்குக் காய்ச்சினதுல ஒரு கப் ஃப்ரிட்ஜ்ல எடுத்து வெச்சிருந்தீங்களா?”

“இல்லை.”

“அப்ப ஆச்சுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் மேடம் எடுத்து வெக்கச் சொல்றது. உங்க மேல கேஸ் போடறதுக்கு இல்ல.” ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். “ரைஸ் எங்கேருந்து வருதுன்னு எனக்குக் காட்டணும். சரி பண்ணுங்க, திரும்ப வர்றேன். இப்பவே ரிஜெக்ட்னு போட மாட்டேன்.”

கிளாரன்ஸுக்கு இது ஒரு பிரச்சனையாகவே தெரியவில்லை. “ஒரு மூட்டை சோனா மசூரி வாங்கி பில்லோட வெச்சிடுவோம். டிரம்மை சண்டே ஸ்கூல் ரூம்ல தள்ளிடலாம். அவர் பாத்துட்டு நம்பர் கொடுத்ததும் பழையபடி. என்ன சொல்றே?”

பவுலினுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே கேட்டில் நிற்கலாம். ஆனால் எந்த வீட்டுப் பவுடர் என்று தெரிந்துவிட்டால் அந்த ஒரு வீட்டை மட்டும் நிறுத்தச் சொல்லி மற்றதைக் காப்பாற்றலாமே என்று ஒரு நப்பாசை. சாயங்காலங்களில் வீடு வீடாகக் கிளம்பினாள்.

“எங்க வீட்லயா? சேச்சே, நாங்க வேப்பிலைதான் போடறது.”

“பவுடரா? அதெல்லாம் கேரம் போர்டுக்குத்தானேக்கா.”

“எங்க அரிசி வாங்கி ஒரே வாரத்துல தீந்துடுது, மூணு பசங்க. வண்டு வர்றதுக்கு நாங்க எங்க டைம் கொடுக்கறோம்?”

யாருமே போடவில்லையாம். போன வீட்டிலெல்லாம் வேப்பிலை, காய்ந்த மிளகாய், பூண்டு. ஆனால் டிரம்மில் கைவிட்டால் வெள்ளை. ஒருத்தி, “யாரு மேல சந்தேகம், சொல்லு” என்று கதவை ஒருக்களித்துக்கொண்டு ஆவலாகக் கேட்டாள். இன்னொருத்தி, “கொடுக்கற அரிசிக்கும் கணக்கு கேக்க வந்துட்டியா?” என்றாள். அதற்குப் பிறகு பவுலின் படியேறாமல் வாசலில் நின்றே கேட்டாள்.

கடைசியில் ஆஞ்சலா அக்கா வீடு. ஃபேக்டரி கேன்டீனில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயரானவர். பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். அவரிடம் இதைக் கேட்கவே பவுலினுக்குக் கூச்சம்.

“ஆமா, போடறேன். பின்னே?” என்றார் ஆஞ்சலா அக்கா, டீயை ஆற்றிக்கொண்டே. “வீட்டு அரிசிக்கு அரை ஸ்பூன், ஆண்டவர் டின்னுக்கு ஒரு ஸ்பூன்.”

“டின்னுக்கு எதுக்குக்கா அதிகம்?”

“நீயே யோசிச்சுப் பாரு. வீட்டு அரிசி தினம் எடுக்கறோம், போடறோம். டின் ஒரு மாசம் மூடியே கிடக்குது. வண்டு அதுலதானே வரும்? வண்டு விழுந்த அரிசியைக் கொண்டுபோய் பீடத்து முன்னாடி வெக்க முடியுமா? நான்தான் ஐக்கியக் கூட்டத்துல எல்லாருக்கும் சொன்னேன். நீ அன்னிக்கு வரலை, உனக்கு லேட் ஷிஃப்ட்.”

பவுலின் டீயைக் குடிக்கவில்லை. தன் டின்னில் ஒவ்வொரு மாதமும் வண்டு இருந்தது நினைவுக்கு வந்தது. அதைப் புடைத்து எடுத்து, கொஞ்சம் வெட்கத்தோடுதான் டிரம்மில் கொட்டுவாள்.

“அக்கா, அதை நாம சரியாக் கழுவலை.”

“கழுவாம?”

“வீட்டு அரிசிதானேன்னு.”

ஆஞ்சலா அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.  வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “மரியாதைக்குத்தாண்டி போட்டோம்” என்றார் கடைசியில். குரல் சிறுத்திருந்தது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பவுலின் பெண்கள் முன்னால் நின்று சொன்னாள். யார் பெயரையும் சொல்லவில்லை. இனி கஞ்சிக்கு ஒரே கடையில் ஒரே அரிசி, பிடியரிசி வேண்டாம், கொடுக்க விரும்புகிறவர்கள் வேறு வகையில் கொடுக்கலாம். அவள் கை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது. “அப்போ அரிசி எடுத்து வெக்கறதே தப்புன்றியா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “கவர்மென்ட் சொன்னா ஆண்டவரையே விட்டுடுவாங்க போல” என்று இன்னொன்று.  ஆஞ்சலா அக்காதான் எழுந்தார். “பவுடர் போடச் சொன்னது நான். என்னைக் கேளுங்க, அவளைக் கேக்காதீங்க” என்றார். அப்புறம் யாரும் கேட்கவில்லை. ஆனால் கலையும்போது பவுலினிடம் கைகொடுத்து ஸ்தோத்திரம் சொன்னவர்கள் குறைவு.

டிரம்மில் மிச்சம் இருந்த அரிசியை என்ன செய்வதென்று கிளாரன்ஸுக்குத்தான் வழி தெரிந்தது. காகிதப் பை ஒட்டும் ஒருவருக்குப் பசை காய்ச்சக் கொடுத்தார். “பூச்சி அரிக்காத பசை, ராசியான ஆளு” என்று சிரித்தார். பவுலின் சிரிக்கவில்லை. அந்த மூட்டைகள் வேனில் ஏறும்போது உள்ளே போய்விட்டாள்.

ஹரிஷ்குமார் இரண்டாம் முறை வந்தபோது அரிசி பில் இருந்தது, இருவரின் மெடிக்கல் சர்டிபிகேட் இருந்தது, ஃப்ரிட்ஜில் தேதி ஒட்டிய எவர்சில்வர் கப் இருந்தது. டிரம்மில் மறுபடியும் கையை விட்டார். கை சுத்தமாக வந்தது. “ஆயித்து மேடம், முடிஞ்சுது” என்றார். போகும்போது திரும்பி, “அந்தக் குழந்தை விஷயம் தெரிஞ்சுதா?” என்று கேட்டார். இல்லை என்றாள்.

செப்டம்பர் கடைசியில் நம்பரோடு கேட்டுக்குப் போனார்கள். லேமினேட் செய்த சர்டிபிகேட்டை வேன் கதவில் மாட்டினார் கிளாரன்ஸ். ஒரே அரிசிக் கஞ்சி வழவழவென்று ஒரே மாதிரி இருந்தது. வழக்கமாக வரும் ஒரு பெரியவர், “பல்லுல ஒண்ணும் மாட்டலையேம்மா, பழையது நல்லா இருந்துச்சு” என்றார். பிரகாஷ் முதல் டம்ளரை வாங்க வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமோ என்று நினைத்து ஜூலியா கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

வரிசையில் குழந்தையோடு யார் வந்தாலும் பவுலின் கை ஒரு கணம் நிற்கும். ஊற்றுவாள். ஊற்றிய பிறகு அந்தக் குழந்தை குடித்து முடிக்கும்வரை அடுத்த ஆளைப் பார்க்க மாட்டாள். “அக்கா, லைன் நிக்குது” என்பாள் ஜூலியா. மழை போய்ப் பனி வந்தது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்ட் வாரங்கள் வந்தன. அது மாறவில்லை.

பிரகாஷுக்கு ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து டிசம்பரில் போய்விட்டான். போகிற அன்று கிளாரன்ஸை மட்டும் வேனுக்குப் பின்பக்கம் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். பவுலினிடம் அதைச் சொல்ல கிளாரன்ஸுக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்தப் புதன்கிழமை விடிந்ததுமே அந்த அம்மாக்காரி கேட்டுக்கு வந்துவிட்டாளாம். குழந்தை ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே இருக்கிறது, உள்ளே விடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஓபி ஒன்பது மணிக்குத்தான், அதுவரைக்கும் அங்கே போய்க் கஞ்சி வாங்கிக் கொடு என்று வரிசையைக் காட்டி அனுப்பியது பிரகாஷ்தான்.