மல்லாந்து படுத்து எழுதியவர்

தெருவில் எல்லாரும் அவரை ஒயர்மேன் என்றே கூப்பிட்டார்கள். மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகும் பெயர் மாறவில்லை. இடது தோள் உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. வலது கை ஒன்றுதான் மிச்சம். காலையில் போய் உடம்பு துடைத்து, துணி மாற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது என் வேலை. அவர் மனைவி துணி கம்பெனியில் தையல்காரி. பகல் ஷிப்டோடு நைட் ஷிப்டும் பார்த்தாள்.

கட்டிலுக்கு மேலே ஒரு ஸ்டாண்டில் அவருடைய போன் தொங்கும். அதில் ஓர் இணையத் தளம். எழுதினால் படிப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஒரு வாரம் கழித்து அந்த ஓட்டு பணமாகும். வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டினால் எதிர் ஓட்டு விழுந்து உள்ளதும் போய்விடும். முதலில் உலக விஷயமெல்லாம் எழுதினார். யாரும் சீண்டவில்லை.

"படுத்துக் கிடக்கிறதுல உங்கள மிஞ்ச ஆள் உண்டா? அத எழுதுங்களேன்" என்று மனைவி கேலி செய்தாள்.

எழுதினார். ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது எப்படி, சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாக வைப்பது, பார்க்க வருகிறவர்கள் எதையெல்லாம் பேசக்கூடாது என்று வரிசையாக. பிழை இருக்காது, பொய் இருக்காது. ஓட்டுகள் குவிந்தன. என் சம்பளமும் அதிலிருந்தே வந்தது. மனைவி நைட் ஷிப்டை விட்டாள்.

"இப்பத்தான் சிஸ்டரம்மா, இவ ராத்திரி தூங்குறத பாக்கிறேன்" என்றார்.

அப்புறம் வால் எலும்பின் மேல் ஒரு சிவப்பு. அழுத்தினால் வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் ஆரம்பம் அது.

"தம்பி, இனிமே மல்லாந்து படுக்கவே கூடாது."

"வலிக்கவே இல்லையேம்மா."

"வலிக்காததாலதான் பயப்படுறேன்."

சரி என்றார். ஆனாலும் சில நாளில் அந்த இடத்தில் தோல் பிளந்தது. ஒருநாள் என் மூக்குக்கண்ணாடியை அங்கேயே மறந்துவிட்டுப் போய், எடுக்கத் திரும்பி வந்தேன். கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்துப் புரண்டு, மல்லாந்தபடி தட்டிக்கொண்டிருந்தார்.

"இடப்பக்கம் படுத்தா தோள் தாங்கல. வலப்பக்கம் படுத்தா கை மாட்டிக்குது. நான் எப்படித்தான் எழுத?"

"போன்கிட்ட பேசினா அதுவே எழுதும்ல?"

"தப்பும் தவறுமா எழுதுது. அத அப்படியே போட்டா அடுத்த பதிவ எவன் படிப்பான்?"

மாலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் நேரே போய் போனைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள்.

"புண்ணு ஆறட்டும். அப்புறம் எழுதலாம்."

"ஆறுறதுக்குள்ள என்னை மறந்துடுவாங்க. நீ மறுபடி நைட் ஷிப்ட் போறியா?"

அவள் அடுப்படிக்குப் போனாள், பாத்திரங்களை உருட்டினாள். திரும்பி வந்து அலமாரியைத் திறந்து போனை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் அவர் எழுதியது, படுக்கைப்புண் வராமல் தடுப்பது பற்றி. நான் படித்தேன். பயிற்சி வகுப்பில்கூட எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும் என்பதைத் தனியாக, பெரிய எழுத்தில் போட்டிருந்தார். அவர் எழுதியவற்றிலேயே அதிக ஓட்டு வாங்கியது அதுதான்.

அந்தப் பணம் வருவதற்குள் குளிர்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் எலும்பு வரை சீழ் இறங்கிவிட்டது என்றார்கள். ரத்தத்தில் கலந்துவிட்டது. பிழைக்கவில்லை.

போனின் பூட்டும் தளத்தின் கடவுச்சொல்லும் அவருக்கு மட்டுமே தெரியும். கடவுச்சொல் இல்லாமல் பணத்தை எடுக்க வழியில்லை என்று தளத்திலிருந்து பதில் வந்தது. ஆனால் பதிவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என் சாமான்களை எடுக்கப் போன அன்று, மனைவி தன் போனில் அதைத் திறந்து காட்டினாள். அடியில் புதிதாக ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே அப்பாவத் திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கிறோம். சிவப்பு மறைஞ்சிடுச்சு. இன்னும் எழுதுங்க."

"இவருக்கு என்னம்மா பதில் போடுறது?" என்றாள்.

"அவர் கணக்குக்குள்ள போகவே முடியாதே, எப்படிப் போடுவ?"

போனை அணைத்துப் பையில் போட்டாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள். நைட் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.