அவன் பெயரில் என் துடிப்பு

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறை மெடிக்கல் நடக்கும். வெளியிலிருந்து வேனில் வருவார்கள். ஈசிஜி எடுக்கும்போது, தன் உடம்பைப் பற்றிப் பயம் இருப்பவன் ஐடி கார்டை நன்றாக இருப்பவனிடம் கொடுத்துவிடுவான். முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி. யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். இதை நாங்கள் திருட்டு என்று நினைத்ததில்லை. உதவி என்றுதான் நினைத்தோம்.

நானும் இன்னொருவனும் ஒரே கிரேனை ஷிஃப்ட் மாற்றி ஓட்டினோம். அவன் ராயக்கோட்டைக்காரன். போன வருடம் பிரஷர் அதிகம் என்று அவனை எச்சரித்திருந்தார்கள்.

"மச்சான், எனக்கும் சேத்து நீயே படுத்துரு. உனக்குத்தான் எருமை உடம்பாச்சே" என்றான்.

காலையில் என் பெயரில் படுத்தேன். சரியாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பெயரில் படுத்தேன். அப்போது நெஞ்சுக்குள் ஏதோ படபடத்தது. முந்தைய நாள் வார விடுமுறை. ஜூஜுவாடி எல்லையைத் தாண்டிக் கர்நாடகா பக்கம் போய் நன்றாகக் குடித்திருந்தேன். அதுதான் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாளில் அவனைக் கிரேனிலிருந்து இறக்கினார்கள். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிறது, அங்கே ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும் என்று கம்பெனி டாக்டர் சொன்னாராம். அவன் கிருஷ்ணகிரிக்குப் போய் வேறு ஈசிஜி எடுத்து வந்தான். சுத்தமாக இருந்தது. டாக்டர் ஏற்கவில்லை. இந்த நோய் வரும், போகும், ஒரு நல்ல தாளை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது என்றார்.

கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அது உன் நெஞ்சுடா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சோறு திங்கற? போய்ச் சொல்றா."

"சொன்னா என்னை இறக்கிடுவாங்க."

"என் பொண்டாட்டி தெனம் மூக்குல கை வெச்சுப் பாக்கறாடா, மூச்சு வருதான்னு. உன் வியாதிக்கு நான் ஏன்டா சாவணும்?"

எனக்குப் பயமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். நான்கு நாள் ஒன்றும் சொல்லாமல் கிரேன் ஏறினேன்.

ஐந்தாம் நாள் இரும்புச் சுருளைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தியிருந்தபோது மறுபடி அந்தப் படபடப்பு. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். வேகமாக இரண்டு, ஒரு இடைவெளி, அப்புறம் ஒன்று. கீழே ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். சுருளை இறக்கி வைத்தேன். நேரே டாக்டரிடம் போய், அந்தத் தாள் என்னுடையது என்றேன்.

அவர் திட்டவில்லை. குடியை விடு, எடையைக் குறை, குறட்டைக்கு டெஸ்ட் எடு, தினமும் ஒரே நேரத்தில் தூங்கு என்றார். குடியை விடலாம். வாராவாரம் ஷிஃப்டை மாற்றிப் போடுகிற கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு ஒரே நேரத்தில் தூங்கு என்கிறார். அதை அவரிடமே சொன்னேன். நிமிராமல் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. அவன் தன் பெயரில் தானே படுத்து, பிரஷருக்கு மாத்திரை போட்டு, ஒரு மாதம் கழித்துக் கிரேன் ஏறினான். நான் தரையில் பெட்டி எண்ணுகிறேன். என்னோடு அவன் பேசுவதில்லை. சுருளோடு என் தலைக்கு மேலே வரும்போது மட்டும் ஹாரன் அடிப்பான். நான் விலகி நிற்பேன்.