அலவாங்கு என்னுடையது

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான்தான் புலம்பெயர்ந்து வந்த பிராண்டேயில் வீடு கட்டினேன், ஓடாத பழைய பிக்கப்பைத் திருத்தினேன், அதில் கேரவனும் இழுக்கிறேன்.

இன்று மேட்டில் கிளச் எரிந்து மணத்தது. ஊரில் போர்க்கால இடப்பெயர்வில் அப்பாவின் உழவு இயந்திரமும் இப்படித்தான் மணத்தது. பின்பெட்டியில் அம்மா காய்ச்சலோடு கிடந்தார். ஏற்றத்தில், பெட்டியை இயந்திரத்தோடு கொழுவும் ஊசி முறிந்து பெட்டி பின்னோக்கி உருண்டது. அண்ணை நின்று அழுதார். நான் சில்லுக்குக் கல் வைத்து, ஊசித் துளையில் கடப்பாரையை, எங்கள் அலவாங்கை, செருகினேன்.

"கெட்டிக்காரனடா நீ," என்றார் அம்மா. அதுதான் அவரின் கடைசிப் பேச்சு.

போன மாதம் இறந்த அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரிலோ, பெட்டியைக் காத்தவர் அண்ணையாம். அதை எழுதிய அவர் மகன் பிக்கப்பில் என் பக்கத்தில் இருந்தான்.

"எல்லாம் நீங்கள்தான் செய்ததெண்டு சொல்லுவியள், சித்தப்பா."

"வீட்டைப் பொய்யெண்டு சொல்லு, பிக்கப்பைப் பொய்யெண்டு சொல்லு. அலவாங்கு செருகினது நான். என்ரை பேரைப் போடு."