கயிறு கட்டி ஓட்டிய கார்

பழைய காரை வாடகைக்கு ஓட்டுகிறவன் டிக்கியில் ஸ்டெப்னி இல்லாவிட்டாலும் கயிறு இருக்க வேண்டும். ஓட்டை வண்டியோடு மாரடிக்கும் சகோதரர்களே, உங்களுக்கு இது புரியும். காஞ்சிபுரத்தில் என் கார் நின்றுபோகாத தெரு கிடையாது. இன்னும் ஒரே ஒருத்தர் திட்டிவிட்டு இறங்கினாலும் வண்டி காயலான் கடைக்குத்தான் என்று என் மனைவி ஸ்டெல்லா கறாராகச் சொல்லிவிட்டாள். எனக்கோ வேறு பிழைப்பு தெரியாது. அதைவிட, எனக்கு அந்த வண்டி மேல் அவ்வளவு ஆசை.

மாமியாரும் மருமகளும்

கூரம் கோயிலுக்குப் போக ஒரு மாமியாரும் மருமகளும் ஏறினார்கள். பேச்சுவார்த்தை கிடையாது, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் மழை கொட்ட, வைப்பர் செத்துப்போனது. வைப்பரில் இரண்டு கயிறு கட்டி, ஜன்னல் வழியாக ஆளுக்கொரு முனை கொடுத்தேன். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட வேண்டும். இரண்டு பேருமே இழுத்தார்கள். விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசில்லை. எனக்கு ரோடு தெரியவில்லை. கடைசியில் மாமியார் “இழு, விடு” என்று கட்டளை போட, மருமகள் அதன்படியே இழுத்து இழுத்து விட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கோயில் வாசலில் தொப்பலாக நனைந்து இறங்கினார்கள். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். மாமியார் சொன்னார்: “கல்யாணமாகி மூணு வருசத்துல இன்னிக்கிதான்பா இவ நான் சொன்னதக் கேட்டிருக்கா.”

நெசவாளர் பிடித்த கயிறு

செவிலிமேடு தாண்டி ஆக்ஸிலரேட்டர் ஒயர் அறுந்தது. நல்லவேளை, முன்சீட்டில் இருந்தவர் நெசவாளர். பையிலிருந்த பட்டு நூலை முறுக்கிக் கயிறாக்கி, கார்புரேட்டரில் கட்டி, முனையை அவரே பிடித்துக்கொண்டார். அவர் இழுத்தால் வண்டி ஓட வேண்டும். ஆனால் அவர் தறி பழக்கத்தில் வெடுக்கென்று இழுப்பார், உடனே விடுவார். மாகறல் வரைக்கும் கார் தவளை மாதிரி குதித்துக்கொண்டே போனது. “அண்ணே, இழுத்தே பிடிங்க” என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை, எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார்: “இழுத்தா விடணும்பா. இழுத்துக்கினே இருந்தா தறியில நூலக் கொண்டுபோற நாடா எப்படி அந்தப் பக்கம் போயி திரும்பும்?”

திட்டியவர்

கடைசியில் ஒருவர் திட்டியே விட்டார். கல்யாணத்துக்குப் புறப்பட்டு, பந்தி முடிந்தபின் போய்ச் சேர்ந்தவர். “நடந்து வந்திருந்தா பாயசமாவது கெடச்சிருக்கும்.”

காயலான் கடைக்கு

மறுநாள் காலையில் ஸ்டெல்லாவும் கூடவே ஏறிக்கொண்டாள். நான் வழியில் மனம் மாறிவிடுவேனாம். பாதி தூரத்தில் வண்டி தானாகவே நின்றது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சரி, தள்ளிக்கொண்டே போவோம் என்றேன். அவள் இறங்கி பானெட்டைத் திறந்தாள். பேட்டரி ஒயர் லொடலொடவென்று ஆடியது. தன் கொண்டை ஊசியை உருவி இடுக்கில் சொருகி, செருப்பால் நாலு தட்டு தட்டினாள். சாவியைத் திருப்பினேன், வண்டி உறுமியது.

கியரைப் போட்டு காயலான் கடைப் பக்கமே கிளப்பினேன். அவள் என் கையைப் பிடித்தாள். “வீட்டுக்குத் திருப்பு. நான் சரி பண்ண வண்டிய எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்.”

இப்போதெல்லாம் கார் நின்றால் யாரும் என்னைத் திட்டுவதில்லை, லைசன்ஸ் வைத்திருக்கும் என்னைத் திரும்பியும் பார்க்காமல் “ஸ்டெல்லாக்காவுக்கு போன் போடுப்பா” என்கிறார்கள்.