ஃபேன் இல்லாத பெட்டி

ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதில் இவ்வளவு அலுத்துப்போக என்ன இருக்கிறது என்று என் மகளே கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால், என் கணவர் ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

காரைக்குடியில் செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு சமையலறை. முன்னறையில் ஜன்னலை ஒட்டி என் மேஜை. பதினைந்து வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை அந்த மேஜையில்தான். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட நோட்ஸ், மதரஸாவுக்குப் பாடப் புத்தகம், யாராவது சொந்தமாகப் போடும் கவிதைப் புத்தகம், எது வந்தாலும் டைப் செய்து, பக்கம் அமைத்து, பிழை பார்த்து அச்சகத்துக்கு அனுப்புவேன். காலடியில் இருந்த பழைய சி.பி.யூ. ஒரு பூனை மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும். அது எனக்குக் காதில் விழுவதே இல்லை.

என் கணவர் பத்தொன்பது வருடம் வளைகுடாவில் இருந்தார். பெரிய கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில், ஏசி இயந்திரங்கள் ஓடும் அறையில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். அந்த நாற்பது நாளும் கல்யாணம், விருந்து, சொந்தக்காரர் வீடு என்று கூட்டத்திலேயே கழியும். நாங்கள் இரண்டு பேரும் ஓர் அறையில் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் என்று ஒன்று இருந்ததா என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. மகள் படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனபின், ஒரேயடியாக வந்துவிட்டார்.

வந்த மூன்றாவது வாரம், மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

"அது என்ன சத்தம்? ஊளையிடுற மாதிரி?"

"எது?"

"கேக்கலையா ஒனக்கு? நிக்காம ஓடுதே."

ஃபிரிட்ஜாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் இருவருமாக அதைத் தள்ளிக் சமையலறைக்குப் பின்னால் இருந்த இடைவெளியில் வைத்தோம். பிறகு இன்வெர்ட்டர் மேல் சந்தேகம் வந்தது. பிறகு கீழ்வீட்டுத் தண்ணீர் மோட்டார். சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றினேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அவர் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, சுவரில் காதை வைத்துக்கொண்டு அறை அறையாக நடப்பார். வெளியே போனால் சத்தம் இல்லை என்பார். கடைத்தெருவில் இல்லை, பள்ளிவாசலில் இல்லை, டீக்கடையில் இல்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால்தான் தொடங்கும். அப்படியென்றால் வீட்டில்தானே இருக்கிறது? நானும் அதை நம்பினேன்.

கடைசியில் பழி சி.பி.யூ. மேல் விழுந்தது. அது உண்மையிலேயே சத்தம் போடுகிற பொருள் என்பதால் தப்பிக்க வழியில்லை.

"அதை அமத்திட்டு வேற வேலை இருந்தாப் பாரேன்," என்பார். கோபமாக அல்ல, களைத்துப்போய்ச் சொல்வார். எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? அவர் தொழுகைக்குப் போகும் நேரம், டீ குடிக்கப் போகும் நேரம், மளிகைக்குப் போகும் நேரம் என்று என் வேலை துண்டு துண்டாகிப் போனது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் சேமித்து அணைத்துவிடுவேன். பள்ளிக்கூட நோட்ஸ் ஒன்று பத்து நாள் தாமதமாகி, அச்சகக்காரர் அடுத்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்தார்.

சர்வீஸ் கடையில் கொடுத்துத் தூசி ஊதவைத்தேன். ஃபேனை மாற்றினேன். நீளமான வயர்கள் வாங்கி, பெட்டியைக் கொண்டுபோய் வராந்தாவில் வைத்து ஒரு மாதம் வேலை பார்த்தேன். சாரல் அடிக்கிற அன்றைக்கெல்லாம் எழுந்து எழுந்து பார்க்க வேண்டியிருந்தது. "செவுத்தத் தாண்டி வருது," என்றார் அவர்.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அவருக்குச் சத்தம் பிடிக்காமல் இல்லை, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதுதான் பிடிக்கவில்லை என்று எனக்குள் ஓர் எண்ணம் வந்துவிட்டது. சம்பாதித்துப் போட்டவர் சும்மா இருக்கிறார், நான் வேலை பார்க்கிறேன், அது உறுத்துகிறது என்று நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காத கேள்வி உள்ளே கிடந்து எல்லாவற்றிலும் கசந்தது.

மகள்தான் போனில் சொன்னாள். "அம்மா, ஃபேனே இல்லாத மினி கம்ப்யூட்டர் இருக்கும்மா. கையில அடங்குற பொட்டி. அதை வாங்கிப் போடு, அத்தாவுக்கும் நிம்மதி."

அதன் பிறகு இரண்டு மாதம் நான் போனில் தேடிப் படித்ததை ஒரு பரீட்சைக்குப் படித்திருந்தால் தேறியிருப்பேன். மினி என்று போட்டிருப்பதெல்லாம் சத்தமில்லாதவை அல்ல. முக்கால்வாசிப் பெட்டிகளுக்குள் விரல் நீள ஃபேன் ஒன்று இருக்கிறது. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும், அதனால் கொசு மாதிரி கீச்சிடும். பெரிய ஃபேனைவிட அது மோசம். லேப்டாப்பும் அப்படித்தான். ஃபேன் அறவே இல்லாதவற்றில், டிவியோடு மாட்டிப் படம் பார்க்கிற மலிவுப் பெட்டிகள் ஒரு வகை. அவற்றில் என் பக்கம் அமைக்கும் மென்பொருளும், வாடிக்கையாளர்கள் இன்னும் விடாமல் அனுப்பும் பழைய தமிழ் எழுத்துருக்களும் ஓடாது. மிச்சம் இருந்த வகையில், உடம்பு முழுக்க அலுமினியம், மேலே சீப்புப் பல் மாதிரி வரிவரியாகத் தகடு. உள்ளே உண்டாகும் சூட்டை அந்தத் தகடு வாங்கி வெளியே விட வேண்டும். காரைக்குடி சித்திரை வெயிலில் அது எங்கே விடும்? சூடு ஏறினால் பெட்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார்கள். வாங்கியவர்களில் ஒருவர் பிரமாதம் என்கிறார். அடுத்தவர் அதே பெட்டியைக் கையால் தொட முடியவில்லை என்கிறார். இன்னொருவர், ஃபேன் இல்லாவிட்டாலும் உள்ளே மின்சாரம் ஓடும்போது மெல்லிய கீச்சுச் சத்தம் வரும், கூர்மையான காது உள்ளவர்களுக்குக் கேட்கும் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று போனை மூடி வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன்.

கடையில் நேரில் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவரையும் கூப்பிட்டேன். "நீயே பாத்துட்டு வா, எனக்கு என்ன தெரியும்," என்றார்.

கடைக்காரர் தச்சுவேலைக் குடும்பத்தில் பிறந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். பழைய சி.பி.யூ.வைப் பல தடவை பார்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

"வாங்கக்கா, இங்குட்டு உக்காருங்க. என்ன, மறுபடியும் ஃபேனா?"

"இல்ல தம்பி. ஃபேனே இல்லாததா வேணும்."

அவர் ஒரு கருப்புப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது, நல்ல கனம். "ஒரு ஸ்கேன் சென்டருக்கு இதுல ரெண்டு போட்டுக் குடுத்தேன். உள்ள தூசி போக வழியே இல்லன்னு கேட்டு வாங்குனாக. ஒரு வருசமாச்சு, கொறை சொல்லி வரல. ரேம் மட்டும் பதினாறு ஜிபி போட்டுருவோம். நீங்க கனமான ஃபைலு தொறக்குறீகள்ல?"

"சத்தம்?"

"ஆன்லதான்க்கா இருக்கு, கேட்டுப் பாருங்க."

கேட்டேன். பஸ் ஹாரன் கேட்டது. எதிரே வெல்டிங் பட்டறை கேட்டது. கடைக்குள் நாலு கம்ப்யூட்டரும் ஒரு டேபிள் ஃபேனும் கேட்டன. பெட்டியில் காதை ஒட்டவைத்தேன். கடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பின்னால் சாமான் போட்டு வைக்கும் அறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, மறுபடி ஓடவிட்டார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இருவரும் மூச்சை அடக்கி நின்றோம். ஒன்றுமே இல்லை.

"மேல துணி போட்டு மூடிறாதீகக்கா. எல்லா வீட்லயும் கவர் தச்சுப் போட்டுர்றாக. இது மூச்சு விடுறதே மேலாலதான்," என்றார்.

அந்த வியாழக்கிழமை காலையில் கடைக்காரரே வந்து மானிட்டருக்குப் பின்னால் பெட்டியைத் திருகி மாட்டினார். என் ஃபைல்களையெல்லாம் ஏற்றி, எழுத்துருக்கள் சரியாக வருகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போனார். மேஜைக்கடியில் பழைய பெட்டி இருந்த இடத்தில் ஒரு சதுரத் தழும்பு மட்டும் இருந்தது. கால் நீட்டி உட்கார முடிந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவரைக் கூப்பிட்டேன். நன்றாகத் தெரியட்டும் என்று சீலிங் ஃபேனையும் நிறுத்தினேன். இருவருக்கும் வேர்த்தது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஆன் பண்ணு," என்றார்.

"ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு."

எழுந்து வந்து மானிட்டரின் பின்புறம் கை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்திருக்கும். நம்பிக்கையில்லாமல் திரையைப் பார்த்தார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"கேக்குதே," என்றார். "அதே சத்தந்தான். முன்னவிட நல்லாவே கேக்குது."

எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"ஒங்களுக்காக ஒவ்வொண்ணா நிறுத்திக்கிட்டே வாரேன். இனி இந்த வீட்ல நிறுத்துறதுக்கு நான் ஒருத்திதான் பாக்கி. நான் வேலை பாக்குறது பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க. எதுக்குச் சத்தம் சத்தம்னு சொல்றீக?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் என்ன பேசுகிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. "நீ வேலை பாக்குறதுல எனக்கு என்ன? அங்க கெடக்கும்போது அத நெனச்சுத்தானே தெம்பா இருந்தேன்," என்றார்.

நான் வாசல் பக்கம் போய் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தேன். இன்வெர்ட்டரையும் அணைத்தேன். திரை இருண்டது. பின்னால் ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அந்த வீட்டில் ஓடுவதற்கு இனி எதுவும் இல்லை. தெருவிலும் அந்த நேரம் யாரும் இல்லை.

"இப்பச் சொல்லுங்க. கேக்குதா?"

அவர் வெகுநேரம் கேட்டார். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை அழுத்தி மூடினார். அப்படியே நின்றார். கைகளை எடுக்காமலே, கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"மூடினாத்தான் ரொம்பக் கேக்குது."

நான் அருகே போய்க் கைகளை எடுத்துவிட்டேன். "அப்ப எனக்குள்ளதானா?" என்று கேட்டார். தொலைந்துபோன பிள்ளை கேட்கிற குரல் மாதிரி இருந்தது. நான் சொன்ன வார்த்தைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் அந்த நிமிடம் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். மின்சாரத்தைத் திரும்பப் போட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் புழுக்கத்தில் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போனோம். காது டாக்டர் ஒரு பெண். என் கணவரை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் அவர் கை அசையவே இல்லை.

"இயந்திரத்துக்குப் பக்கத்துல எவ்வளவு காலம் வேலை பாத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"பத்தொம்பது வருசம்."

"காதுக்கு ஏதாவது போட்டிருந்தீங்களா?"

"குடுத்தாங்க டாக்டர். போட்டா மேல இருந்து கூப்பிடுறது கேக்காது. கழட்டி வச்சுருவோம்."

மெல்லிய, கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன் நிறையப் போய்விட்டது, போன இடத்தில் காது தானாக ஓர் இரைச்சலை உண்டாக்குகிறது என்று டாக்டர் விளக்கினார். வெளியே சத்தம் இருந்தால் அது அமுங்கிவிடும், அமைதியில் எழும்பும். முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது, பழகிக்கொள்ள வழிகள் இருக்கின்றன என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். "வீட்டை ரொம்ப நிசப்தமா வச்சுக்காதீங்க. மெல்லிசா ஏதாவது ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எங்களுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தனை மாத உழைப்பும் தப்பான பக்கம் நடந்த நடையாகப் போயிருந்தது. திரும்பி வருகையில் பஸ் என்ஜின் பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்ததும் தூங்கிப்போனார். திருப்பத்தூர் தாண்டும் வரை தலை என் தோளில் கிடந்தது. எனக்குத் தோள் மரத்துப்போயிருந்தும் அசையவில்லை.

இப்போது அவர் காதில் மெஷின் மாட்டியிருக்கிறார். முதலில் கழற்றிக் கழற்றி வைத்தார், இப்போது பரவாயில்லை. சீலிங் ஃபேன் பகலெல்லாம் சுற்றுகிறது, படுக்கையருகே மூலையில் ரேடியோ அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருக்கிறது. ஃபேன் காற்று படுவதால் மினி பெட்டியும் அவ்வளவாகச் சூடாவதில்லை. அச்சகக்காரர் மறுபடி வேலை கொடுக்கத் தொடங்கியிருக்கிறார், முன்போல அல்ல, கொஞ்சமாக. சில நாள் இரைச்சல் கூடிவிடும். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிட மாட்டார், எதிலும் மனம் ஒட்டாது. நான் பிழை பார்த்துக்கொண்டே கேட்பேன்.

"இன்னிக்கு எப்படி இருக்கு?"

"இருக்கு," என்பார்.

அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் டீ போடப் போவார். நான் அடுத்த பக்கத்துக்குப் போவேன்.